கார்டு தட்டியது நான்

வல்லம் வடகாலில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, என் நம்பர் போட்ட கார்டை மெஷினில் தட்டி அனுப்பும் வேலை. பிளாக்செயினால் ஏதாவது உபயோகம் உண்டா, வெறும் வாய்ப்பந்தலா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

எங்கள் கம்பெனியில் அதைப் போட்டபோது, பழக்கிவிட வந்தவர் கேன்டீனில் வைத்து விளக்கினார். எந்தப் பாகத்தை யார், எப்போது பார்த்தார் என்ற பதிவு எங்களிடமும் வாங்குகிறவரிடமும் ஒரே நேரத்தில் ஏறிவிடுமாம். பிறகு முதலாளியே நினைத்தாலும் திருத்த முடியாதாம். இனிமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்றார். கை தட்டினோம்.

பாவம், அவர் லைனில் நின்றதில்லை. பாத்ரூம் போனால் எங்கள் இடத்தில் நிற்க ஆள் கிடையாது, லைனும் நிற்காது. அதனால் போகிறவள் தன் கார்டைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் இரண்டு பேர் வேலையையும் பார்த்து இரண்டு கார்டையும் தட்டுவாள். அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஒத்தாசை, அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் நின்றது ஒரு அக்கா. வாலாஜாபாத்திலிருந்து இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம். அக்கா கான்ட்ராக்ட். அந்த வேலையை நம்பி வீட்டில் நான்கு பேர்.

விரிசலோடு ஒரு பாகம் போய்விட்டது என்று புகார் வந்தது. முன்பென்றால் நோட்டுகளைப் புரட்டி நாள்கணக்கில் தேடுவார்கள். இந்த முறை சூப்பர்வைசர் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தார். திரையில் நானும் பார்த்தேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்தே கால், அக்காவின் கார்டு. அந்தத் திங்கட்கிழமை அக்காவுக்கு வயிற்றுவலி. பத்து மணிக்குப் போனவர் பத்தரைக்குத்தான் திரும்பினார்.

“சார், அந்த பீஸ நான்தான் பாத்தேன். அக்கா கார்ட தட்டுனது நானு.”

சூப்பர்வைசர் சுற்றும் முற்றும் பார்த்தார். “வெளிய சொல்லாதம்மா. ஒருத்தர் கார்ட இன்னொருத்தர் தட்டுறீங்கன்னு தெரிஞ்சா, மொத்த பதிவயும் கஸ்டமர் நம்ப மாட்டான். அப்புறம் லைனே இருக்காது.”

“அப்போ அக்கா?”

“சிஸ்டத்துல அவங்க நம்பர்தான கீது.”

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் இடத்துக்கு வந்து மிச்ச ஷிப்டையும் பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது. வெட்கம் பிறகு வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

எந்த நாள், எத்தனை மணி என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. கார்டு நம்பரைக் காட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

“அவ்ளோ பெரிய விரிசல எப்டிடி உட்டேன்? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? எனக்குத்தான் கண்ணு மங்கிகினு வருது போல.”

“ஒரு தடவ டாக்டராண்ட காட்டிடுக்கா” என்றேன்.