விடமாட்டேன் என்ற இடது கை

என் அக்கா ஒலிந்தாவின் புருஷன் வால்தெமார் தெச்சேராவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியும், சால்தோ ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அவருடைய இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் இறுக மூடிக்கொண்டன. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம். இடது அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், இடது கையில், தேநீர்போல உறிஞ்சிக் குடிக்கிற மாத்தே இலை போட்ட சுரைக்குடுவை. மச்சானும் வழக்கம்போல பிளாஸ்க்கை அங்கேயே செருகிக்கொண்டு காலைச் சற்று இழுத்தபடி கடைத்தெருவுக்குப் போனார். "என்ன வால்தெமார், இப்பல்லாம் குடுவையை நீட்டக்கூட மாட்டேங்கறியே" என்று கோபித்துக்கொண்டார்களே தவிர, உடம்புக்கு என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் தெருமரங்களுக்குக் கிளை வெட்டியவர். வெட்டியதைவிட மாத்தே ஊற்றிக் கொடுத்ததுதான் அதிகம் என்று அவருடைய மேஸ்திரி சொல்வார். நான் மறுக்கமாட்டேன். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முறைவைத்து ஊற்றித் தர ஒருத்தர் வேண்டும். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒருத்தர் மச்சான்தான். சோறு இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார், அந்த வேலையைப் பிடுங்கினால் பொறுக்கமாட்டார்.

இப்போது தொல்லை என்னவென்றால், அந்தக் கை பிடிக்கும், விடாது. வலது கையால் வெந்நீரை ஊற்றுவார். பிறகு அதே வலது கையால் குடுவையை எடுக்கப் பார்ப்பார். வலது இழுக்கும், இடது கொடுக்காது. ஒரே உடம்புக்குள் பங்காளிச் சண்டை. கடைசியில் நான் எழுந்துபோய் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பேன்.

"மேசைமேல வெச்சு ஊத்துங்களேன் மச்சான்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான் பாரு அர்ஜென்டினாக்காரன், அவன் வெச்சு ஊத்துவான். நான் மாட்டேன்."

அதைவிடப் பெரிய கொடுமையை நாங்கள்தான் செய்தோம். குடுவையைத் திருப்பித் தரும்போது 'நன்றி' என்று சொன்னால், போதும், இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். மச்சானைச் சிரமப்படுத்தக் கூடாது என்று எல்லோரும் முதல் சுற்றிலேயே நன்றி சொல்ல ஆரம்பித்தோம். சாயங்காலம் வரை குடித்தாலும் போதாது என்கிற என் அக்காகூடச் சொன்னாள். ஒரு ஞாயிறு நாலு நன்றி வரிசையாக விழுந்ததும் மச்சான் பிளாஸ்க்கை மூடினார்.

"நான் செத்ததும் வந்து காட்டுங்கடா இந்த மரியாதையெல்லாம்" என்றவர், மறுநாள் தானாகவே பிசியோவுக்குக் கிளம்பினார்.

அங்கே யமிலா என்று ஒரு பெண். முன்கையின் வெளிப்பக்கத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டி, சின்னப் பெட்டி ஒன்றிலிருந்து நரம்புக்கு மின்சாரம் விட்டாள். மூடியிருந்த விரல்கள் அத்தனையும் விரிந்தன.

"எப்படி இருக்கு?"

"எறும்பு கடிக்குது. ஆனா திறந்தது நான் இல்லம்மா, உன் பெட்டி."

"நீங்களும் கூடவே திறக்கப் பாக்கணும் தாத்தா. பெட்டி மட்டும் உழைச்சா பெட்டிக்குத்தான் குணமாகும்."

பயிற்சிக்கு அவள் எடுத்து எடுத்து வைக்கச் சொன்ன பிளாஸ்டிக் டம்ளரை மச்சான் தொடவில்லை. தன் குடுவையைக் கொண்டுபோனார். வாரம் மூன்று நாள் கையை நீட்டினார், பிடித்தார், விட்டார். சனி ஞாயிறுக்குப் பெட்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள். முதல் ஞாயிறு, நான் கை நீட்டுவதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டார். வெந்நீரும் இலையும் என் தொடையில்.

"நன்றி" என்றேன்.

நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். எனக்குத் தொடை எரிந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினோராவது வாரம் பெட்டி வரவில்லை. வேறொரு நோயாளிக்குத் தேவைப்பட்டதாம். ஊற்றப்போவது யார் என்று யாரும் கேட்கவில்லை, மச்சானே உட்கார்ந்துவிட்டார். வழக்கப்படி கசக்கிற முதல் தண்ணீரைத் தானே குடித்தார். அடுத்ததை ஊற்றி, பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை அக்காவிடம் நீட்டினார். விரல்கள் அசையவில்லை. நான் எழப்போனேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன். அவள் பிடுங்கவில்லை. குடுவைக்கு அடியில் தன் கையை ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். மச்சானின் நெற்றியில் வியர்த்தது. சுண்டுவிரல் பிரிந்தது. வெகுநேரம் கழித்து அதற்கு அடுத்தது. கட்டைவிரல் கடைசியாக விட்டபோது குடுவை அக்காவின் கையில் உட்கார்ந்தது.

அக்கா சத்தம் வருகிற வரைக்கும் உறிஞ்சினாள். குடுவையை நீட்டினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று மச்சான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ கிழவா, பச்சைத் தண்ணியா இருக்கு. இன்னொண்ணு ஊத்து. இந்தத் தடவை சுருக்கா விடு."