என் தம்பியின் பெயரை மாற்றியவர்

பேராசிரியர் தெரேஸ் இறந்துவிட்டார் என்று என் பேத்தி போனில் சொன்னபோது, வீராம்பட்டினத்து மீன்காரியிடம் நண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நண்டை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அவருக்காக ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைக்கும் அளவுக்கு எங்களுக்குள் சமாதானம் ஆகவில்லை.

அவருடைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்களாம், என்னையும் எழுதச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதச் சொல்லவில்லை.

உள்நாட்டுப் போர்களையும் ஆயுதம் எடுத்த குழுக்களையும் ஆராய்ந்தே தலை நரைத்தவர் அவர். என் வீட்டுக்கு வந்தது என் தம்பிக்காக. பத்தொன்பது வயதில் படகேறி, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டைக்குப் போனவன். உடல்கூட வரவில்லை.

"யாரு மொதல்ல சுட்டாங்கன்னு எல்லாரும் எழுதிட்டாங்கக்கா. யாரு சோறு போட்டாங்கன்னு நான் கேக்கறேன்" என்றார்.

சொன்னேன். கிளம்பிய அன்று மதியம் அவன் தின்ற சுறாப்புட்டு, மில்லில் வேலை செய்த என் வீட்டுக்காரரின் செருப்பை மாட்டிக்கொண்டு போனது, எல்லாம் சொன்னேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். என்னோடு சேர்ந்து அழவும் செய்தார், பொய் சொல்ல மாட்டேன்.

புத்தகம் இங்கிலீஷில் வந்தது. பேத்தி படித்துச் சொன்னாள். சுறாப்புட்டு இருந்தது, செருப்பு இருந்தது. தம்பி மட்டும் இல்லை. அவன் இடத்தில் கண்ணன் என்று எவனோ சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"யாரக் கேட்டு பேர மாத்தனீங்க?"

"எங்க வேலையில அதான் வழக்கம்க்கா. உங்க வூட்டுக்கு போலீஸ் வரக்கூடாதுல்ல."

"வரட்டுமே, காபி போட்டுக் குடுக்கறேன். உங்க தாத்தா சொல்தாவா பட்டாளத்துல சேந்து பிரான்சுக்காரனுக்காக செத்தாரு. அவரு பேரு பீச்சுல நினைவுக் கல்லுல நிக்குது. என் தம்பிக்கு காகிதத்துலகூட எடமில்லையா?"

எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "அவருகூட படகுல போன ஒருத்தர் திரும்பி வந்து, யாருக்கும் சொல்லாம குடும்பம் நடத்தறாரு. உங்க தம்பி பேரு தெரிஞ்சா அவரையும் கண்டுபுடிச்சிடுவாங்க. உசுரோட இருக்கறவங்களத்தான்க்கா மொதல்ல பாக்கணும்."

"அப்ப என் தம்பி செத்ததுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பிய கேக்கை ஒரு வருடமும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

அடக்கத்துக்குப் போனேன். மாதா கோயிலின் கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்று தம்பியோடு படகேறிய முகம். எத்தனை வருடமானாலும் எனக்கு மறக்காது. என்னைக் கண்டதும் வெளுத்துப்போனார். மடியில் பேத்தி.

"யாரு தாத்தா இந்த ஆயா?"

அவர் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பழைய மில்லுத் தெருப் பழக்கம் கண்ணு" என்று நான்தான் சொன்னேன்.

இந்த மலரில் என் தம்பியின் பெயரை அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தெரேஸ் போய்விட்டார், இனித் தடுக்க ஆளில்லை. ஆனால் பெயர் வரவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. என் பெயரைப் போட்டாலும் அவன் யாரென்று தெரிந்துவிடும், அதையும் போடாதீர்கள். தம்பியின் பெயரை என் கையாலேயே மறைக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார் தெரேசம்மா. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வழக்கம் ஒன்றுதான். இதற்காகவும் அவரை மன்னிக்க மாட்டேன்.