பள்ளி முற்றத்து ஆற்றுவாய்

எழுபதுகளின் தொடக்கத்தில் புதிய பாடத்திட்டம் வந்தது. பிள்ளைகள் இனிமேல் வாய்ப்பாடமாகப் படிக்கக் கூடாது, தொட்டுப் பார்த்து, செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்றார்கள். எதை வைத்துச் செய்வது என்று கேட்டோம். "சுற்றாடலைப் பயன்படுத்துங்கள்" என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. சாமான் எதுவும் அனுப்ப மாட்டோம் என்பதை இவ்வளவு நாகரிகமாகவும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுற்றாடலுக்கு எங்களிடம் குறைவில்லைதான். கூரையில்லாத இரண்டு வகுப்பறைகளில் அது உள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் அப்போது மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில், ஒரு சின்ன அரசாங்கப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கணவருக்கு வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை. பேச்சு வரத் தொடங்கியிருந்த மகள் மட்டக்களப்பு டவுனில் என் அக்காவிடம் வளர்ந்தாள். திங்கட்கிழமை விடியத் தோணியேறினால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பிள்ளையின் முகம் பார்க்கலாம். அந்த ஐந்து நாளும் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். டவுனுக்கு இடமாற்றம் கேட்டு அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் வட்டாரக் கல்வி அதிகாரி மனமிரங்கினார்.

"புது முறையில ஒரு நல்ல பாடம் செஞ்சு காட்டுங்க டீச்சர். நான் வந்து பார்த்திட்டு மேலிடத்துக்குச் சொல்லுறன்" என்றார்.

தோணியில் திரும்பும்போதே பாடம் கண்ணில் பட்டுவிட்டது. புத்தகத்தில் அது வாவி. எங்கள் சனங்களுக்கு ஆறு. அது கடலோடு சேரும் இடம் ஆற்றுவாய். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். மாரியில் ஆறு நிரம்பி வயலுக்குள் ஏறும்போது மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வருஷா வருஷம் சண்டை. வயல்காரர்கள் இன்றைக்கே வெட்டு என்பார்கள். ஆற்றில் தொழில் செய்கிறவர்கள், இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், பொறு என்பார்கள். இரண்டு கூட்டமும் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போய், சனங்கள் ‘ஏசண்டர்’ என்று சொல்லும் அரசாங்க அதிபர் முன்னால் வெற்றிலையோடு நிற்கும். என் பாடக்குறிப்பில் மணலை எழுதினேன், மழையை எழுதினேன், கடலை எழுதினேன். சண்டையை எழுதவில்லை. அது ஐந்தாம் வகுப்புக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

பாடசாலைக்குப் பின்னால் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்து ஆறு வெட்டினார்கள். களிமண் பூசித் தண்ணீர் ஊற்றினார்கள். கிழக்கே பள்ளமாக ஒரு கடல், நடுவே மணல் வரம்பு. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் செய்து படிக்கிற பிள்ளைகளை யார் நிறுத்துவது? வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் முளைநெல் கொண்டுவந்து ஆற்றங்கரையில் விதைத்துவிட்டார்கள். ஆற்றுத்தொழில்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிரட்டையில் இறால் குஞ்சு கொண்டுவந்து தண்ணீரில் விட்டார்கள். நெல் பச்சைப் பசேலென்று எழும்பியது. இறாலுக்குச் சோற்றுப் பருக்கை போடுவதில் அடிபிடி. தலைமை ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு டீச்சர். இதுக்குள்ள ஒருத்தரும் விழுந்து தாண்டு போகாமப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்தினம் நல்ல மழை. காலையில் எங்கள் ஆறு முட்ட நிரம்பி, நெல்லின் கழுத்தளவுக்குத் தண்ணீர் நின்றது. அதிகாரி வெள்ளைக் காற்சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கையில் ஈர்க்குடன், மனப்பாடம் செய்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப நாங்க என்ன செய்யவேணும்?"

"வெட்டவேணும் டீச்சர்!" என்றாள் முன்வரிசைப் பெண். "வெள்ளாம அழுகப்போகுது."

"வெட்டப்படா!" என்று பின்னாலிருந்து ஒருவன் எழும்பினான். "எங்கட இறால் எல்லாம் போயிரும். இன்னும் வளரல்ல."

"உங்கட இறாலுக்காக நாங்க சோறு தின்னாமக் கிடக்கிறதா?"

அதற்குப் பிறகு என்னை யாரும் கணக்கெடுக்கவில்லை. இறால் கட்சி ஓடிப்போய் மணல் வரம்பைச் சுற்றிக் காவலுக்குக் குந்தியது. நெல்லுக் கட்சி கூடிக் குசுகுசுத்துவிட்டு நேரே அதிகாரியிடம் போனது. காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு நாற்காலியில் இருப்பவர் வேறு யாராக இருக்க முடியும்? ஒருத்தி பூவரசம் இலைகளை வெற்றிலை மாதிரி அடுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"ஏசண்டர் ஐயா, எங்கட வயல் வட்டை முழுக்கத் தண்ணியில தாண்டு போச்சு. நீங்கதான் ஒரு முடிவு சொல்லவேணும்."

இதைக் கண்டதும் மறு கட்சியும் சிரட்டையில் ஒரு இறாலுடன் வந்து நின்றது. அரசாங்க அதிபராக ஒரு நிமிஷத்தில் பதவி உயர்வு பெற்ற எங்கள் வட்டாரக் கல்வி அதிகாரி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் கவனமாகக் கேட்டார். தாடையைத் தடவினார். "ரெண்டு பக்கமும் நியாயம் கிடக்கு. யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். உண்மையான அரசாங்க அதிபர்கூட இவ்வளவு பொருத்தமாகப் பேசியிருக்க மாட்டார்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாருடைய குதிக்காலோ வரம்பில் பட்டது. தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. இறால் எல்லாம் கடலுக்குப் போயின. பாய்ந்த வேகத்தில் பாதி நெல்லும் வேரோடு கூடவே போயிற்று. கடல் நிரம்பி வழிந்து அதிகாரியின் சப்பாத்துக்குள் ஏறியது. இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அழுதன. நான் ஈர்க்கைப் பிடித்தபடி நின்றேன். என் பிள்ளையையும் அந்தத் தண்ணீர் கொண்டுபோகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

அதிகாரி சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார். அவர் முகம் பூரித்துப்போயிருந்தது.

"எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்திட்டன் டீச்சர். இப்பிடி ஒரு பாடத்தை எங்கயும் காணல்ல. புள்ளையள் படிக்கல்ல, வாழுதுகள்!"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப என்ட இடமாற்றம், சேர்..."

"இடமாற்றமா? உங்களை இஞ்ச இருந்து எடுத்தா இந்தப் புள்ளையளுக்குச் செய்யிற அநியாயமெல்லோ? மேலிடத்துக்குக் கட்டாயம் சொல்லுறன், உங்களை ஒருத்தரும் அசைக்கப்படாதெண்டு."

"ஓம் சேர், டீச்சர விடவே ஏலாது" என்றார் தலைமை ஆசிரியர், தேத்தண்ணிக் கோப்பையுடன்.

சொன்ன சொல்லை அதிகாரி காப்பாற்றினார். பக்கத்து வகுப்பில் பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்கும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவரால் ஊருக்குப் பிரயோசனமில்லை என்று பெற்றோர் முறைப்பாடு செய்ய, அந்தத் தவணையிலேயே அவரை டவுனுக்கு மாற்றிவிட்டார்கள். என்னைப் பாராட்டி ஒரு கூட்டம் வைத்து மாலை போட்டார்கள். மாலை வாங்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சந்தோஷக் கண்ணீர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மாலை போட்ட அந்த வாரத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டுப் படலையைத் திறந்தேன். முற்றத்தில் அக்காவின் பிள்ளைகளோடு மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். கையை விரித்துக்கொண்டு குந்தினேன். அவள் குசினிப் பக்கம் திரும்பி, "அம்மா! டீச்சர் வந்திருக்கா!" என்று கத்தினாள்.

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அதுதான்டி உன்ட அம்மா, போ" என்று முதுகில் தட்டித் தள்ளிவிட்டாள். மகள் இரண்டடி முன்னால் வந்து, அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டில் நிற்பதுபோல, எனக்கு முன்னால் கைகட்டி நின்றாள்.