கேக்குக்குக் கொடுப்பதில்லை

ஒயின் கடையில் இருபத்தாறு வருடமாக விற்பனையில் நிற்கும் அந்த அம்மாவுக்கு, 'கறார் அக்கா' என்றுதான் பெயர். லேசாக இனிக்கும், நுரைக்கும் வெள்ளை ஒயினை யாராவது பிறந்தநாள் கேக்குக்கு என்று கேட்டால் போதும், பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள்.

"கேக் இதைவிட இனிப்பு. அதைத் தின்னுட்டு இதைக் குடிச்சா புளிச்ச தண்ணி மாதிரி இருக்கும். அப்புறம் ஒயின் சரியில்லைன்னு என்கிட்டதான் வந்து நிப்பீங்க. காரமா கோழி வறுங்க, உப்புக் கடலை வைங்க. ஜில்லிப்பு போறதுக்குள்ள குடிச்சிடணும்."

திட்டிக்கொண்டே போனவர்கள், அடுத்த வாரம் கோழிக்கு இன்னொரு பாட்டில் கேட்டு வருவார்கள்.

வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுதான். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் "ம்" கொட்டுவார். இதற்குச் சுவரோடு பேசினால்கூடத் தேவலை என்பது அவள் கட்சி.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கடை முதலாளி ஆசையாக அதே ஒயினைத் திறந்தார். கூடவே மூன்றடுக்கு சாக்லேட் கேக். அக்கா ஒரு துண்டு தின்று, ஒரு மடக்கு குடித்தாள். முகம் அஷ்டகோணலானது. முதலாளி மனசு நோகுமே என்று, வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். உள்ளே காரமாக வறுத்த கோழி.

"கேக்குதான் வைப்பாங்கன்னு தெரியும்," என்றார். "சாப்பிடு. ஜில்லிப்பு போயிடப் போகுது."