அறுபத்தொன்றாம் எண் பட்டம்

குனிந்த தலை நிமிராமல் அடுத்த சுருளை எடுத்துவிடுவார் அட்டெண்டர். பட்டமளிப்பு மேடையில், கல்லூரி முதல்வரான பாதிரியார் கை நீட்டுமுன் பட்டம் அந்தக் கையில் இருக்கும். அவர் பக்கத்தில் குட்டை முக்காலியில், எண்வாரியாக அடுக்கிய பட்டச் சுருள்களோடு இவர் உட்கார்ந்திருப்பார். பேராசிரியை ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார். கறுப்பு அங்கி ஒன்று வந்து நிற்கும். இவர் பார்ப்பது அங்கிக்குக் கீழே தெரியும் காலை மட்டும்.

"மூஞ்சியப் பாத்தா பேச்சு வரும். பேச்சு வந்தா கை தப்பும். காலு பேசாது பாருங்க," என்பார்.

பட்டுத் தெரிந்த பாடம் அது. பதினோரு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண் மேடையேறியபோது நிமிர்ந்து பார்த்துச் சிரித்துத் தொலைத்தார். ஒரு சுருள் முந்திக்கொண்டது. அவளுக்குப் பின்னால் வந்த முப்பது பேரும் அடுத்தவர் பட்டத்தை வாங்கிப் போனார்கள். கணக்குப் படித்தவன் கையில் இறையியல் பட்டம். "இன்னொரு தடவை ஆச்சுன்னா மேடைப் பக்கமே வராதே," என்று முதல்வர் சொல்லிவிட்டார். இந்தக் கல்லூரியில் அவருக்கென்று இருக்கும் ஒரே கௌரவம் அந்த முக்காலிதான்.

மேடையில் இத்தனை கவனமானவர், வீட்டில் வாய்க்குப் பூட்டே போட்டதில்லை. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடமோ. "ஏய்", "இந்தா", "எங்க போன" அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன் அவள், இதே கல்லூரியின் மாலை வகுப்பில் சேர ஒரு விண்ணப்பம் வாங்கிவரச் சொன்னாள். "நீ படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?" என்றார், வாயில் கவளத்தோடு. சொன்னதை மறந்தும் போனார். பிறகு அவள் மாலையானால் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பத் தொடங்கினாள். ஐந்து மணிக்கு மேல் கல்லூரியில் இவர் ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த வருட விழா. அறுபத்தொன்றாம் எண். பெயர் வாசிக்கப்பட்டது. யாரோ என்று சுருளை எடுத்தார். கால் வந்து நின்றது. வலது செருப்பின் வாரில் பச்சை நூல் தையல். போன ஞாயிறு, கறுப்பு நூல் கிடைக்காமல் அவரே தைத்தது.

தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருடம் கூடக் குடும்பம் நடத்தியவளின் பெயர் அத்தனை சத்தமாகக் காதில் விழுந்தும் யாரென்று தெரியவில்லை. செருப்பு வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதைவிட வெட்கக்கேடு ஒரு மனிதனுக்கு உண்டா? சுருள் கையோடு ஒட்டிக்கொண்டது. முதல்வரின் கை வெறுமனே நீண்டிருந்தது. பின்னால் வரிசை நெளிந்தது. அடுத்த பெயரையும் வாசித்துவிட்டால் அத்தனை பட்டமும் மாறிப்போகும்.

அவள் லேசாகக் குனிந்தாள். "அறுபத்தொண்ணு நாந்தாங்க. குடுங்க, பின்னாடி புள்ளைங்க நிக்குது."

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

கொடுத்தார். தொண்ணூற்றாறு வரை ஒரு பட்டமும் மாறவில்லை. கை பழகிய கை. ஆள்தான் பேயறைந்த மாதிரி இருந்தார்.

கூட்டம் கலைந்தது. வாசலில் மாலை வகுப்புப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி இவரிடம் வந்து, "எங்களுக்கெல்லாம் தெரியும்ணே. அக்காதான் சொல்ல வேணாம்னாங்க," என்றார்.

 இவர் மேடைக்குத் திரும்பிப் போய், பேராசிரியை விட்டுச்சென்ற பெயர்ப் பட்டியலை எடுத்தார். அறுபத்தொன்றுக்கு நேரே விரலை வைத்து, அந்தப் பெயரை வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம்.