ஏக்கம் என்றார்கள்

அவனுக்கு ஊர் வைத்த பெயர் கூலிங். பெற்றவர்கள் வைத்த பெயர் மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மருந்துக்கடை, பூக்கடை, ஐஸ்கிரீம் கடை, பிணவறை என்று எங்கே குளிர் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். போய், கம்ப்ரசரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். "கேஸ் இறங்கிருச்சு" என்பான், இல்லையென்றால் "ரிலே போச்சு" என்பான். மீட்டரை அப்புறம்தான் வெளியே எடுப்பான், அதுவும் கடைக்காரரின் திருப்திக்காக. பதினாறு வருஷத்தில் அந்தக் கை பொய் சொன்னதில்லை. வாய்தான் ஒரு முறை சொன்னது.

பழக்கடை வேலை மட்டும் எடுக்க மாட்டான். "அந்த மாடல் எனக்குப் பழக்கமில்லண்ணே" என்று நழுவிவிடுவான். எல்லா மாடலும் அவனுக்கு அத்துப்படி. அடைத்து வைத்த பழம் கனிந்து, லேசாக அழுகத் தொடங்கும்போது ஒரு வாசனை வருமே, அதுதான் அவனுக்கு ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அந்த வாசனை அவன் மகளின் வாயிலிருந்து வந்தது.

மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். இப்போது ஐந்து வயது. இரண்டரை வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. "இத்தனூண்டுக்குச் சர்க்கரையா? மிட்டாயா வாங்கிக் கொடுத்துக் கெடுத்திருப்பான்" என்று தெருவில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? மிட்டாய்க்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். தினம் நாலு ஊசி. ஊசி நின்றால் குழந்தை நாலு நாள் தாங்காது.

சுண்டுவுக்கு மூன்று வயதானபோது அவள் அம்மா வெளிநாட்டுக்குப் போனாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், குழந்தையின் வைத்தியத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். அதற்காகத்தான் போனாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவனுடைய அக்கா வந்து சேர்ந்தாள்.

மனைவி போன பத்தாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. கரண்ட் வேறு நின்று நின்று வந்தது. மருந்து சூடாகிவிடக் கூடாதே என்று அவன் வீட்டு ஃப்ரிட்ஜின் திருகைக் கடைசிவரைக்கும் திருகி வைத்தான். இன்சுலின் பெட்டியை உள்ளே தள்ளி, பின்சுவரை ஒட்டி நிறுத்தினான். அவன் தொழிலில் யாரும் "குளிர் ஜாஸ்தியா இருக்கு" என்று புகார் சொன்னதே இல்லை. குளிர் கூடினால் நல்லது. அவனுக்குத் தெரிந்த பாடம் அதுதான். மறுநாள் காலையில் பெட்டியின் மேல் மெல்லிசாகப் பனி படர்ந்திருந்தது. "நம்ம கை வெச்ச ஃப்ரிட்ஜ்னா சும்மாவா" என்று ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டான். மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கி, ஊசி போட்டான்.

இரண்டு நாளும் சர்க்கரை இறங்கவே இல்லை. சுண்டு துவண்டு கிடந்தாள். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா மோவாயில் கை வைத்துக்கொண்டு, "வேற ஒண்ணுமில்லடா, அம்மா ஏக்கம். ஏக்கத்துல பிள்ளைங்களுக்கு எல்லாமே கூடும்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு, மருந்தின் அளவை ஊசியில் ஒரு கோடு ஏற்றிப் போட்டான். மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்கியது. வாயில் பழ வாசனை. சர்க்கரை முற்றி ரத்தத்தில் விஷம் ஏறினால் வருகிற வாசனை அது.

ஐந்து நாள் தீவிர சிகிச்சை. இரண்டாம் நாள் டாக்டரம்மா அவனை நிறுத்திக் கேட்டார்: "மருந்தைச் சரியான குளிர்ல வெச்சிருந்தீங்களா?"

"நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குங்க டாக்டர்" என்றான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்கே தெரியாது.

ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. மருந்துக்கடை ஒன்றில் தெர்மோஸ்டாட் மாற்றிக்கொண்டிருந்தான். கடைக்காரப் பெண் ஒரு தட்டு நிறைய இன்சுலின் குப்பிகளைக் குப்பைப் பெட்டியில் கொட்டினாள். "ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றான். "உறைஞ்சிருச்சுண்ணே. ஒரு தடவை உறைஞ்சா செத்த மருந்து. பார்க்க அப்படியேதான் இருக்கும், உள்ள சத்து இருக்காது" என்றாள் அவள். அவன் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஏக்கம் என்ற சொல் சொந்தபந்தம் முழுக்கப் பரவி, கடல் தாண்டிப் பெற்றவளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள்: "உன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஏக்கம் கூடும்மா. அடிக்கடி போன்ல வராத." தினமும் இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பத்தே நிமிஷம் என்று தன்னைச் சுருக்கிக்கொண்டாள். "நான் விட்டுட்டு வந்ததாலதானேங்க இப்படி ஆச்சு?" என்று அவனிடம் கேட்டாள். அவன் ஆமாம் என்றான்.

அந்த ஆமாம் அவனை விடவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இப்போது மூன்று தெர்மாமீட்டர்கள். போகிற வீடுகளில் யாராவது குழந்தை தண்ணீர் கேட்டால் கை வேலையை மறந்துவிடும். தினம் காலையில் சுண்டுவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "ஊது" என்பான். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஃபூ என்று ஊதுவாள். அவன் மோந்து பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். அவளுக்கு அது விளையாட்டு. வந்தவர் போனவர் முகத்திலெல்லாம் ஊதப் பழகிக்கொண்டாள். "என்ன பிள்ளையை வளர்க்கிறான், எச்சில் தெறிக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அனுமதி வந்தது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை விமானத்தில் மனைவி இரண்டு இடம் பிடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும், விட்டால் அனுமதியே காலாவதி. இனிமேல் எப்போது கிடைக்குமோ யார் கண்டது.

பதினோரு மணி நேரப் பயணம், நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும். அவன் டாக்டரம்மாவிடம் போனான். கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு போனான் என்பதுதான் உண்மை. அவரோ, "தாராளமா போகலாம். ரெண்டு மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்க. மருந்தைக் கைப்பையில வெச்சுக்கோங்க. கீழ பெட்டியில போட்டா உறைஞ்சிரும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "உங்களுக்குப் போய் நான் சொல்றேன் பாருங்க, நீங்கதான் ஃப்ரிட்ஜ் ஆளாச்சே" என்று சிரித்தார். அதே சிரிப்பு.

வீட்டில் வந்து ஆயிரம் காரணம் சொன்னான். விமானத்தில் இருமுகிறவன் இருப்பான், நடுவில் விமானம் தாமதமாகும், அங்கே குளிர் அதிகம். "கூட்டிட்டுப் போடா, ஏக்கம் தீரட்டும்" என்றாள் அக்கா. அவன் பயந்ததெல்லாம் தன் கைகளுக்குத்தான். பதினோரு மணி நேரம், ஆகாயத்தில், அந்தக் குழந்தையும் இந்தக் கைகளும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. மனைவிக்குப் பின்னால் சலவை இயந்திரங்கள் ஓடும் சத்தம். சுண்டு போனைப் பிடுங்கி, திரையின் மேல் ஃபூ என்று ஊதினாள்.

"எதுக்குடி ஊதுற?" என்று அம்மா சிரித்தாள்.

"நீ மோந்து பாக்கணும். அப்பா தினம் பாக்கும். பழம் வாசனை வருதான்னு பாக்கும்."

சிரிப்பு நின்றது. "என்னங்க பழ வாசனை?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா எதையோ புரிந்துகொண்டவள் போல் குழந்தையை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஏக்கம் இல்ல" என்றான். "அது ஏக்கமே இல்ல. மருந்து உறைஞ்சு போச்சு. நான்தான் உறைய வெச்சேன். பெட்டி மேல பனியைப் பார்த்தும் அதையே போட்டேன். அப்போ தெரியாது. ஒரு மாசத்துல தெரிஞ்சிருச்சு. சொல்லல."

இயந்திரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவள் முகம் திரையில் அசையாமல் நின்றது. லைன் நின்றுவிட்டதோ என்று பார்த்தான், கண் சிமிட்டினாள்.

"ரெண்டு வருஷம்" என்றாள். "வாரத்துக்குப் பத்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்றுதான் சொல்லி வந்தாள். எப்பேர்ப்பட்ட சண்டையிலும் அது மாறியதில்லை. இன்றைக்கு மாறியது. அவன் அதை அப்படியே வாங்கிக்கொண்டான்.

"அந்த ரெண்டு நாள்ல அவ என்னைக் கேட்டாளா?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபம். கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருக்கும்.

"கேட்கல" என்றான். "தண்ணிதான் கேட்டா."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றான். "வழியில மறுபடி ஏதாவது..."

"பயப்படு. பயந்துகிட்டே கூட்டிட்டு வா. மருந்துப் பையைத் தூங்கும்போதுகூடக் கழட்டாத. வந்து, இப்போ சொன்னதை என் மூஞ்சியைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லு. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். "அவளைக் கூப்பிடு."

சுண்டு ஓடி வந்தாள். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஊதுடி" என்றாள்.

சுண்டு கன்னத்தை உப்பி, மூச்சைத் திரட்டி ஊதினாள். அம்மா திரைக்கு மிக அருகில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தாள்.

"என்னா வாசனை?" என்று குழந்தை கேட்டாள்.

"இங்கேருந்து ஒண்ணும் தெரியலடி. பக்கத்துல வந்து ஊது."

"எப்போ?"

"உங்கப்பாவைக் கேளு."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"புதன்கிழமை" என்றான்.