என் தோளில் முகூர்த்தப் புடவை

அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நான் சேல்ஸ் கேர்ள். மூன்று வருடமாக என்னைக் காதலித்தவன் திடீரென்று போன் எடுப்பதை நிறுத்தியிருந்தான். மெசேஜ் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. வீட்டில் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறானா, என்னைக் கழற்றிவிட்டானா, அதை அவன் வாயால் கேட்டால் போதும் என்றிருந்தேன். 'வேணாம்' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடவா வாய் வலிக்கும்?

ஒருநாள் அவனே கடைக்குள் வந்தான், அம்மாவோடு. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று ஒரு நிமிடம் நம்பினேன். புத்தி கெட்டவள்.

"பையனுக்குக் கல்யாணம்மா. முகூர்த்தப் புடவை காட்டு" என்றார் அந்தம்மா. அவருக்கு என்னைத் தெரியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பாயில் உட்கார்ந்தான். ஊரில் பட்டுக்கடைக்கா பஞ்சம்? வேறு கடைக்குப் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லக்கூடத் துப்பில்லை.

வேண்டுமென்றே ஒவ்வொரு புடவையையும் அவன் முகத்துக்கு நேராக விரித்தேன்.

"சொல்லுங்க சார், இது பிடிச்சிருக்குதா?"

என்னிடம் ஒரு வார்த்தை பேசட்டும் என்றுதான். அவன் அம்மாவைப் பார்த்தான்.

அந்தம்மா அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தார். "பொண்ணும் உன் நிறம்தான். நீ மேல போட்டுக் காட்டுமா. டேய், அந்தப் பொண்ணுக்கு வீடியோ கால் போடு."

முந்தானையைத் தோளில் போட்டு, மடிப்பை இடுப்பில் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி நிற்பது எங்கள் வேலை. நின்றேன். அவன் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தான். தென்னேரி ஏரிக்கரையில் அதே போனில் என்னை எத்தனை படம் எடுத்திருப்பான்.

"சூப்பரா இருக்குதுபா" என்றது போனில் ஒரு பெண்குரல். "யாரு அவங்க? அழகா இருக்காங்க."

அவன் அன்று முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான்.

"யாரும் இல்லமா. கடைப் பொண்ணு."

இத்தனை நாள் நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பதிலை இன்னொருத்திக்குச் சொல்லி முடித்துவிட்டான். என் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பொண்ணுக்குப் பிடிச்சிப் போச்சி, இதையே எடுத்துக்கறோம். ஆனா நீ மேல போட்டது வேணாம்மா. இதே மாதிரி புதுசு இருக்குதா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.